புகையாத தணல்

மிலாறு யாருக்குச் சொந்தம் என்று தேனக்கல் தோட்டத்தில் அதுவரை யாரும் கேட்டதில்லை. நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மலைக்குக் கவ்வாத்து வரும். ஆண்கள் கத்தியோடு இறங்கித் தேயிலையை முழங்கால் உயரத்துக்கு வெட்டிச் சாய்ப்பார்கள். சாய்ந்த கிளையும் குச்சியும்தான் மிலாறு. வேலை விட்டதும் பெண்கள் அதைக் கயிற்றால் இறுக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு வரிசை வீடுகளான லயத்துக்கு இறங்குவார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் மனுஷர் தெரியாது, விறகுக்கட்டுகள் தாமாக மலையிறங்குவது போலிருக்கும். எதிரே துரையின் ஜீப் வந்தால் ஜீப்தான் ஒதுங்கி நிற்கும். இதற்கு எழுத்தில் ஒரு சட்டமும் கிடையாது. எழுத்தில் இல்லாததைப் பறிப்பது சுலபம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அது போனது சோலைமலை சொன்ன ஒரு பேச்சால். லயத்தில் யாரும் அப்படி உடைத்துச் சொல்லவில்லை. அவனே தனக்குள் சொல்லிக்கொண்டான்.

சோலைமலைக்கு முப்பத்துநாலு வயது. மேல்பிரிவில் கவ்வாத்து என்றால் அவன் கைதான் என்பார்கள். ஒரே வீச்சு, சிலும்பில்லாத வெட்டு. உரம் வராமல் தேயிலை மஞ்சளித்துப்போன காலம் கழிந்து, தோட்டத்துக்குப் புதிதாக வந்த உதவி மேனேஜர், சின்னத்துரை தரணிதரன், அவனைத்தான் தேடிப் பிடித்தார். தரணிதரன் ஹட்டன் பக்கத்துப் பையன், ஒரு தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரின் மகன். தொழிலாளியை 'நீங்க' என்றுதான் பேசுவார். ஒருநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் பெரிய அட்டை ஒன்றை நிறுத்தி, அதில் ஒரு வட்டம் வரைந்து விளங்கப்படுத்தினார். செடியிலிருந்து மிலாறு. மிலாற்றை எரித்துக் கரி. கரியைச் சாணியோடும் மக்கிய இலையோடும் கலந்து மறுபடி செடிக்கு. வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் இப்போது இதைத்தான் கேட்கிறார்களாம். தோட்டத்துப் பொருள் ஒன்றும் வீணாகக் கூடாதாம், உரம் வந்த வெறும் பைகூடத் திரும்பிப் போக வேண்டுமாம்.

"அது சரிங்க சேர், வட்டத்துல எங்க அடுப்பு எந்தப் பக்கம் இருக்கு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அழகம்மை. சோலைமலையின் அக்கா, புருஷனை இழந்தவள், லயத்தில் தம்பிக்கு அடுத்த காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், இருப்பவள்.

பெரட்டே சிரித்தது. தரணிதரனும் சிரித்தார். "அடுப்பு வட்டத்துக்கு வெளியங்க அக்கா. அதுல நம்ம கை வைக்க மாட்டோம்."

அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

முதலில் கொழும்பிலிருந்து இரும்பு டிரம் இரண்டு வந்தது. நாளெல்லாம் ஊதினாலும் ஒரு மூட்டைக் கரிதான். சோலைமலை நாலு நாள் பார்த்தான். ஐந்தாம் நாள் எட்டாம் நம்பர் மலையின் அடியில் ஆள் மட்டத்துக்கு ஒரு குழி வெட்டினான். வாய் அகலம், அடி குறுகல். அடியில் பற்றவைத்து, மேலே சாம்பல் பூக்கப் பூக்க அடுத்த அடுக்கைப் போட்டுக்கொண்டே வந்தான். கொழுந்துவிடும் தீயே புகையைத் தின்றுவிட்டது. குழி நிரம்பியதும் தண்ணீர் ஊற்றி அவித்தான். ஆறு மூட்டை. தட்டினால் பீங்கான் போலக் கணீரென்ற கரி. தரணிதரன் போனில் படம் பிடித்து எங்கெங்கோ அனுப்பினார்.

பங்கு பிரித்தவனும் சோலைமலைதான். மணிக்கட்டுப் பருமனுக்கு மேலே இருப்பது குழிக்கு, அதற்குக் கீழே உள்ளது அடுப்புக்கு. "பெருசு குழிக்கு, சிறுசு வீட்டுக்கு" என்பான். பெண்களும் ஒன்றும் சொல்லவில்லை. மெல்லிசு சுமக்க லேசு.

இப்படி ஐந்து மாதம் நடந்தது. ஜூலையில் ஒரு மத்தியானம் தரணிதரன் குழியடிக்கு வந்தார். கையில் ஒரு தாள், அதில் தலைமை ஆபீஸ் கேட்ட கணக்கு. ஏக்கருக்கு இத்தனை கரி என்று எழுதியிருந்தது. இருந்ததைப்போல இரண்டு மடங்கு.

"சோலைமலை, மெல்லிசுக் குச்சியும் கரியாகுமா?"

அப்போதுதான் குழி நல்ல பதத்தில் சிவந்து நின்றது. வேலை தெரிந்தவனுக்கு வரும் ஒரு மிதப்பு அவன் தலைக்கு ஏறியிருந்தது. "என்னாங்க சேர் இப்படிக் கேட்டுட்டீங்க? மெல்லிசுதான் இன்னும் வெரசா ஆகும். பெருச பொளக்கணும், காயப்போடணும். சிறுசு போட்டதும் புடிச்சிக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு குழி எறக்கிக் காட்டவா?"

"முடியுமா?"

"முடியாமெ?"

அடுத்த திங்கட்கிழமை கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. கவ்வாத்து மலையிலிருந்து மிலாறு எடுத்துச் செல்வது தடை. மலையடியில் தராசு வந்தது. தராசுக்குப் பக்கத்தில் கழுத்தில் விசிலோடு முத்துலிங்கம் கணக்கப்பிள்ளை நின்றார்.

"கணக்கப்புள்ளையா, பல்லுக்குத்த ஒரு குச்சி எடுத்துக்கட்டுங்களா?" என்று அழகம்மை அவரைச் சீண்டினாள். "வேணும்னா நிறுத்துப் பாத்துட்டுக் குடுங்க."

"என்னைய ஏன் புடுங்குற? ஒன் தம்பியப் போய்க் கேளு" என்றார் முத்துலிங்கம்.

அழகம்மை அன்று தம்பியிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து பாலில்லாத சாயத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன் முன்னால் வந்து நின்றாள். "ஏன்டா, ஒரு வருசம் ஒனக்குக் கவ்வாத்துக் கத்தி புடிக்கத் தெரியாமப் போயிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

வெயில் காலம் எப்படியோ ஓடியது. சிலர் டவுன் லொறியில் சவுக்கு வாங்கினார்கள். சிலர் மேல்காட்டுக்குப் போய் வனக் காவலரிடம் பிடிபட்டார்கள். கடைசியிலிருக்கும் தொங்கல் லயத்தில் ஒருவன் பழைய கதவை வெட்டி எரித்தான். காஸ் சிலிண்டர் எல்லா வீட்டிலும் இருந்தது. விளையாட்டுப்போல ஒரு கையால் தூக்கி மூலையில் வைக்கலாம், அத்தனை வெறுமை. நிரப்பக் காசில்லை.

சோலைமலையின் மனைவி தனுஜாவுக்குத் தீபாவளியன்று காலை ஆறேகாலுக்குக் குழந்தை பிறந்தது. பெண். இரண்டு முறை கலைந்து, ஏழு வருஷம் கழித்துத் தங்கியது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் வார்டுக்கு வெளியே நின்ற சோலைமலைக்கு நர்ஸ் துணிச்சுருளைக் காட்டியபோது வெளியே எங்கோ சீனவெடிச் சத்தம் கேட்டது. தனக்காகத்தான் வெடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே மழையும் வந்தது. கார்த்திகை மழை அந்தப் பக்கத்தில் பெய்கிற மழையில்லை, குடியிருக்கிற மழை. தகரத்தில் விடாமல் கொட்டும். மூடுபனி இஸ்தோப்புக்குள் ஏறி வந்து உட்காரும். காயப்போட்ட துணி மூன்றாம் நாளும் நசநசவென்றிருக்கும். பிள்ளைப்பெற்றவளுக்கு அங்கே நாற்பது நாள் நெருப்பு வேண்டும். குளிக்கக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், காயத்துக்கு ஒற்றடம், கட்டிலுக்குப் பக்கத்தில் தணல் சட்டி. மிலாற்றை அடுப்பில் எரித்து, புகை அடங்கியதும் தணலை மட்டும் ஒரு மண்சட்டியில் அள்ளி, மேலே சாம்பிராணி தூவி உள்ளே கொண்டுபோய் வைப்பார்கள். மிலாற்றுத் தணல் அரைமணி நேரத்தில் சாம்பலாகிவிடும். அதனால் யாராவது ஒருத்தி கதவைத் திறந்து போய் வந்துகொண்டே இருப்பாள். எந்நேரமும் ஒரு ஆள் நடமாட்டம். அப்படித்தான் எல்லாப் பிள்ளையும் அந்த லயத்தில் வளர்ந்தது.

அழகம்மை வேலைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டாள். ஐந்து நாளில் தன் வீட்டுப் பலகைக் கட்டிலின் கால்வரை வெட்டி எரித்தாள். ஆறாம் நாள் ஈரச் சவுக்கு மட்டும் மிஞ்சியது. புகைதான் வந்தது, சூடு வரவில்லை. குழந்தை இருமியது. தனுஜாவுக்கு உடம்பு நடுங்கியது.

"ஏங்க, தண்ணி சுடல" என்றாள் தனுஜா. "பச்சத்தண்ணியா ஊத்துறாங்க மதினி. வயித்துக்குள்ள குளுரு போவுது."

"நான் என்ன செய்ய புள்ள? தண்ணிக்கு மந்திரமா போட?" என்றாள் அழகம்மை. பிறகு தம்பியைப் பார்த்தாள். "டே, எரிக்கிறதுக்கு ஒனக்குக் குழி நெறைய இருக்கு. குளிப்பாட்ட எனக்கு ஒரு கட்டு இல்ல. போய்க் கேளு. வாயில்லையா ஒனக்கு? வேணாங்கிறப்பல்லாம் பேசுவியே."

மறுநாள் காலையில் அவன் குழியடியில் காத்து நின்றான். தரணிதரன் குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"சேர், ஒரு ஒதவி. வீட்டுல புள்ள பெத்து ஒரு வாரந்தான் ஆவுது. ஒரு கட்டு மிலாறு, மெல்லிசு போதும். நான் வேணும்னா பின்னேரம் ரெண்டு மணித்தியாலம் கூட நிக்கிறேன்."

தரணிதரன் முகம் வாடியதைச் சோலைமலை பார்த்தான். "வர்ற வெள்ளிக்கெழம ஒடிட்டுக்கு, கணக்குப் பாத்து முத்திர குடுக்க, ஆள் வர்றாங்க சோலைமலை. மலையில வெட்டுனதும் குழிக்கு வந்ததும் ஒன்னா இருக்கணும். ஒங்களுக்கு ஒரு கட்டு குடுத்தா லயத்துல நூத்திப்பத்துக் காம்பரா இருக்கு. எல்லாருக்கும் நான் என்னா சொல்ல?"

"அதுவும் சரிதாங்க."

"ஒன்னு செய்யலாம்." அவர் திரும்பிக் கரிக்கொட்டகையைப் பார்த்தார். "உள்ள காஞ்ச கரி இருக்குல்ல. ஒரு மூட்ட கொண்டுபோங்க. நெறுத்து முடிஞ்ச சாமான், கேட்டா நான் பாத்துக்கிறேன். விறக விட இது எவ்வளவோ நல்லங்க. பொகையே இருக்காது. கொழந்த கண்ணுக்கும் நெஞ்சுக்கும் ஒன்னும் வராது."

சோலைமலை கும்பிட்டான். அவன் வெட்டிய குழி, அவன் அவித்த கரி. அதில் நல்ல துண்டாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு மூட்டை கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினான். வழியில் முத்துலிங்கம் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அழகம்மை ஒரு துண்டைக் கையில் எடுத்து மோந்து பார்த்தாள். "வாசனையே இல்லியேடா. பொகையாத நெருப்பு என்னா நெருப்பு?"

"டவுன்ல ஓட்டல்காரன் இதுக்குத்தான் காசு குடுக்குறான். பத்தவச்சுப் பாருக்கா."

பற்றவைத்தார்கள். சட்டியில் கரி மெல்லச் சிவந்து, அப்படியே நின்றது. ஒரு மணி நேரம் கழிந்தும் சிவப்பு மாறவில்லை. மூன்று மணி நேரம் கழித்துச் சாம்பலைக் கிளறினால் உள்ளே கங்கு கண்ணைத் திறந்து பார்த்தது. காம்பரா வெதுவெதுவென்றானது. அந்த வாரத்தில் முதல்முறையாகத் தனுஜா போர்வையை விலக்கிக் காலை நீட்டினாள். குழந்தையின் இருமல் நின்றது.

"பரவாயில்லடா தம்பி" என்றாள் அழகம்மை. நாலு மாதத்தில் அவள் அவனிடம் சொன்ன நல்ல வார்த்தை அதுதான். அவனும் அன்று ஒரு ரொட்டி கூடச் சாப்பிட்டான்.

தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே கைநுழையும் அளவுக்கு ஒரு இடைவெளி. காற்று அதன் வழியே வந்து தொட்டில் சேலையை ஆட்டியது. திருப்பி அனுப்ப முடியாமல் கிழிந்துபோன உரப்பைகள் கொட்டகையில் கிடந்தன. அதில் இரண்டை எடுத்து வந்து, சுருட்டி, சுவரோரம் முழுக்க இறுக்கி அடைத்தான். கதவிடுக்குக்குப் பழைய படங்குச் சாக்கு ஒன்றை மடித்துப் போட்டான். காற்று நின்றது.

வியாழக்கிழமை பின்னேரம் தனுஜா தலைவலி என்றாள். "மண்டையப் போட்டு இடிக்குது மதினி. எந்திரிச்சா சுத்துது."

"பச்ச ஒடம்புல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று அழகம்மை மல்லித்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். கொடுக்க வந்தபோது கதவைத் திறந்து வைத்தாள். திறந்திருந்த கொஞ்ச நேரத்தில் தலைவலி விட்டது. மல்லித்தண்ணீரால் விட்டது என்று மூவரும் நினைத்தார்கள்.

இரவு சாப்பிடும்போது அழகம்மை சொன்னாள். "டே, நாளைக்கு நான் மலைக்குப் போறேன். பத்து நாளாச்சு, பேரு விழல, சம்பளம் இல்ல. முந்தியின்னா அரமணிக்கொருதரம் தணல் மாத்தணும், ஆள் வேணும். இப்பத்தான் காலையில வச்சா மத்தியானம் வரைக்கும் கெடக்குதே. பன்னெண்டு மணிக்குக் கொழுந்து நெறுக்க வர்றப்ப எட்டிப் பாத்துக்கிறேன்."

"போங்க மதினி, நான் இருந்துக்கிறேன்" என்றாள் தனுஜா. "புள்ளையும் பாலக் குடிச்சா தூங்கிப்போவுது. நல்ல புள்ள."

"நல்ல புள்ள, நல்ல புள்ளன்னு எத்தன நாளைக்குக் கூப்பிடுறது? முப்பதாம் நாளு பேர் வைக்கணும். யோசிச்சீங்களா ரெண்டு பேரும்?"

"அவரு ஹம்சினின்னு சொல்றாரு."

"வாய்ல நொழையாத பேரா இருக்கே" என்று அழகம்மை சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை, நவம்பர் இருபத்துநாலாம் தேதி. விடிந்தும் இருட்டாகவே இருந்தது. வேலைக்குப் புறப்படுமுன் சோலைமலைதான் சட்டியில் கரியை நிரப்பினான். வழக்கத்தை விட ஒரு கை கூடவே போட்டான். அக்கா வரும்வரை தாங்க வேண்டுமல்லவா? குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான். சூடு இதமாக இருந்தது. வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினான். தனுஜா உள்ளே தாழ் போட்டாள். படங்கு சரியாக அடைத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டே போனான்.

பத்தரை மணிக்கு வான் வண்டி ஒன்று குழியடிக்கு வந்தது. ஒடிட்டுக்கு வந்த கொழும்புக்காரர் இருவர், வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி. புதிய மழைக்கோட்டும் முழங்கால் பூட்சும் போட்டிருந்தார்கள். குழிக்கு மேலே தகரப் பந்தல். சோலைமலை அடுக்கடுக்காக மிலாற்றைப் போட்டுக் காட்டினான். தீ உயர்ந்தது, புகை எழவில்லை. அந்தப் பெண் கையைத் தட்டினாள். தரணிதரன் வட்டம் வரைந்த அட்டையைக் காட்டி இங்கிலீசில் விளக்கினார். செடி, மிலாறு, கரி, மண், செடி. அவர் விரல் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

அந்தப் பெண் சோலைமலையைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"இதுக்கு முந்தி இந்தக் குச்சியெல்லாம் என்ன செஞ்சீங்கன்னு கேக்குறாங்க" என்றார் தரணிதரன்.

"அடுப்பெரிச்சோம்."

தரணிதரன் ஒரு நொடி தயங்கினார். பிறகு அவளிடம் சொன்னதில் 'வேஸ்ட்' என்ற ஒரு சொல் சோலைமலைக்குப் புரிந்தது. அவள் தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

அப்போது மணி பன்னிரண்டு தாண்டியிருக்கும். மேல் ரோட்டிலிருந்து விசில் சத்தம். விட்டு விட்டு இல்லை, ஒரே மூச்சாக. முத்துலிங்கம் குடையில்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தார். வயது ஐம்பத்தெட்டு, காலில் ஆணி. அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"சோலமல! ஓடுடா! ஒன் வீட்டுக்கு ஓடு!"

அவன் படியில் போகவில்லை. தேயிலைக்கு நடுவே சரிந்து விழுந்து இறங்கினான். லயத்து வாசலில் கூட்டம். கொழுந்துக் கூடை ஒன்று கவிழ்ந்து, பறித்த கொழுந்தெல்லாம் சேற்றில் சிதறிக் கிடந்தது. இஸ்தோப்பில் தனுஜாவைக் கிடத்தியிருந்தார்கள். வாயோரம் வாந்தி. முகம் வெளிறவில்லை, நன்றாகத் தூங்கி எழுந்தவள் போலக் கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. கண் பாதி திறந்து எங்கோ பார்த்தது. மூச்சு இருந்தது.

அழகம்மை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. அவள் அதன் உள்ளங்காலை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவத் தட்டுனேன், தொறக்கல. ஒடச்சேன்டா. ரெண்டு பேரும் தூங்குறாங்கன்னுதான் நெனச்சேன். பாரு, சூடா இருக்கு. ஒடம்பு சூடாத்தான்டா இருக்கு!"

சூடாகத்தான் இருந்தது. காம்பராவே சூடாகத்தான் இருந்தது. சட்டியில் கரி இன்னமும் சிவந்து கிடந்தது.

தரணிதரன் வானைக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரப் பெண் மழையில் இறங்கி நின்று இடம் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் தனுஜாவுக்கு மூக்கில் குழாய் வைத்தார்கள். குழந்தையை வாங்கிப் பார்த்த டாக்டர் சிங்களப் பிள்ளை, சின்ன வயது. கொஞ்சம் கொஞ்சம் தமிழ் பேசினார். ஸ்டெதஸ்கோப்பை வைத்த இடத்திலேயே நெடுநேரம் வைத்திருந்துவிட்டு எடுத்தார்.

"வீட்டு உள்ள என்ன எரிச்சது?"

"கரிங்க டாக்டர். பொகை வராத கரி."

"கதவு?"

"சாத்தியிருந்துச்சு. குளுருங்க."

டாக்டர் தன் நெற்றியைத் தடவினார். "விறகுல பொகை வரும். கண் எரியும், இருமல் வரும், ஆள் வெளிய ஓடும். இதுல ஒன்னும் வராது. காத்துல விஷம் இருக்கும், தெரியாது. தூக்கம் வரும், அவ்வளவுதான். அம்மாவுக்குத் தலைவலி வரல்லையா?"

"வந்துச்சுங்க" என்றான் சோலைமலை. "மல்லித்தண்ணி குடுத்தோம்."

சனிக்கிழமை மரண விசாரணை முடிந்து பின்னேரம் உடலைக் கொடுத்தார்கள். பச்சைப்பிள்ளையை எரிக்க மாட்டார்கள். ஆற்றோரம் புதைகாட்டில் மண் வெட்டினார்கள். பேர் வைக்காத பிள்ளை என்பதால் மரச்சட்டத்தில் எழுத ஒன்றுமில்லை. மறுநாள் கார்த்திகை விளக்கு. மேல்பிரிவு லயத்தில் அன்று ஒரு வாசலிலும் விளக்கு வைக்கவில்லை. அது யாரும் பேசி எடுத்த முடிவில்லை.

தனுஜாவைச் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுக்குச் சில சொற்கள் நாக்கில் வர நேரமெடுத்தது. பால் கட்டி மார்பு கல்லாக இருந்தது. அழகம்மை வெந்நீர் ஒற்றடம் கொடுக்க அடுப்பைப் பார்த்தாள். அடுப்பு வெறுமையாக இருந்தது. கயிற்றை எடுத்துக்கொண்டு எட்டாம் நம்பர் மலைக்கு ஏறினாள். இன்னும் ஏழெட்டுப் பெண்கள் கயிற்றோடு அவள் பின்னால் போனார்கள். பட்டப்பகல். தராசைத் தாண்டித்தான் திரும்பி வர வேண்டும். கட்டுகள் வரிசையாக இறங்கியபோது முத்துலிங்கம் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை தரணிதரன் வந்தார். தனியாக, நடந்து. இஸ்தோப்பில் போட்ட கதிரையில் உட்காரவில்லை. ஐந்து நாளில் அவருக்கு முகம் சிறுத்திருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து டைப் அடித்த தாளை எடுத்தார்.

"என்னா சேர் இது?"

"கம்பெனி கேட்டிருக்கு. ஒரு வாக்குமூலம்."

சோலைமலை எட்டாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி வாசித்தான். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியின்றிக் கரியை எடுத்துச் சென்றதாகவும், தன் கவனக்குறைவால் விபத்து நேர்ந்ததாகவும் அதில் இருந்தது. கீழே அவன் பெயர், ஒரு கோடு.

"அனுமதியில்லாமன்னு போட்டிருக்கு. நீங்கதான சேர் குடுத்தீங்க."

"நான்தான் குடுத்தேன்." தரணிதரன் தரையைப் பார்த்தார். "எனக்கும் தெரியாதுங்க சோலைமலை. சத்தியமாத் தெரியாது. கரி மண்ணுக்கு என்ன செய்யும்னு எனக்குப் படிச்சுக் குடுத்தாங்க. வீட்டுக்குள்ள வச்சா என்ன செய்யும்னு யாருமே சொல்லல. ஆனா நான் குடுத்தேன்னு எழுதுனா என் வேல போகும், தோட்டத்து முத்திரையும் போகும். இதுல ஒரு கையெழுத்துப் போட்டா ஒங்க வேலைக்கு ஒன்னும் வராம நான் பாத்துக்கிறேன்."

"போன தடவையும் பாத்துக்கிறேன்னுதான் சொன்னீங்க" என்றாள் உள்ளேயிருந்து அழகம்மை.



சோலைமலை தாளை மடிக்காமல் கையில் வைத்திருந்தான். "சேர், கையெழுத்துப் போடுறேன். ஆனா இதுல இல்ல. வேறொன்னு எழுதிக் கொண்டாங்க. ஜூலை மாசம் குழியடியில வச்சு நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க. மெல்லிசும் கரியாகுமான்னு. ஆகும், இன்னும் வெரசா ஆகும்னு நான் சொன்னேன். யாரும் என்னைய அடிச்சுக் கேக்கல. பெருமைக்குச் சொன்னேன். அத எழுதுங்க. ஓட்டைய அடச்சதும் நான்தான், அதையும் எழுதுங்க. ரெண்டுக்கும் கீழ பேரப் போட்டுக் கையெழுத்து வைக்கிறேன். திருடுனேன்னு மட்டும் போட மாட்டேன். எம் புள்ளைக்கு நான் திருடிக் கொண்டுவரல. நீங்க குடுத்தீங்க, நான் கும்புட்டு வாங்கிட்டு வந்தேன்."

தரணிதரன் தாளை வாங்கி உறைக்குள் போட்டார். உறை வாய் சரியாக மூடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு மழையில் இறங்கினார். அந்தத் தாள் பிறகு என்ன ஆனதென்று தெரியவில்லை. மடுவத்துச் சுவரில் மட்டும் ஒரு புது அறிவித்தல் வந்தது. கரியை லயத்துக்குக் கொண்டுசெல்வது தடை. மிலாற்றுத் தடையை யாரும் கிழிக்கவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன.

அவர் போனபின் சோலைமலை ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, சுவரோரம் அடைத்திருந்த உரப்பைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். குளிர்காற்று சீறிக்கொண்டு உள்ளே வந்தது. கதவிடுக்குப் படங்கை வெளியே எறிந்தான். அழகம்மை கொண்டுவந்த கட்டிலிருந்து மிலாற்றை உருவி அடுப்பில் வைத்தான். நனைந்த மிலாறு. சீறியது, நுரைத்தது, பிறகு புகைந்தது. புகை தகரம்வரை எழும்பித் திரும்பி இறங்கிக் காம்பரா முழுக்கச் சூழ்ந்தது. அழகம்மை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இஸ்தோப்புக்குப் போனாள்.

"நீயும் வெளிய வா புள்ள. கண்ணு அவிஞ்சிரும்."

தனுஜா அசையவில்லை. சுவரில் சாய்ந்து, வெறுந்தொட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது புகையால் வந்ததா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. இருமினாள். அடுப்பருகே சோலைமலையும் இருமினான்.

"கதவு தொறந்துதான இருக்கு?" என்றாள்.

"தொறந்துதான் இருக்கு."

புகையில் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. இருமல் மட்டும் கேட்டது. அவள் இருமல் நிற்கும்போதெல்லாம் அவன் "தனுஜா" என்று கூப்பிட்டான். அவள் பதிலுக்கு இருமும்வரை அடுத்த குச்சியை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.